கறுப்புப் பென்சிலும் வெள்ளித்திரை முகமும்

பழைய சினிமா இதழ் ஒன்றிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களிலோ 1940களிலோ புகழ்பெற்றிருந்த ஒரு நடிகையின் அல்லது நடிகரின் முகம் அதில் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில், ஒரு ரப்பர். இப்போது அந்த முகத்தைப் பதினைந்து இருபது கோடுகளிலும், இரண்டு மூன்று நிழல்களிலும் வரைய வேண்டும். முடிக்கு முடி நகல் எடுப்பது நம் நோக்கமன்று. பார்த்தவுடன் ‘இவர் இன்னார்’ என்று தெரிய வேண்டும். தேவையற்றது எதுவும் தாளில் இருக்கக் கூடாது. இத்தகைய ஓவியத்தைச் சுருக்கச் சித்திரம் என்று நாம் இங்கே அழைப்போம்.

முயன்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். எதை வரைவது என்பது அவ்வளவு கடினமன்று. எதை விடுவது என்பதே கடினம். அப்போது நமக்கு ஓர் ஐயமும் எழுகிறது. ‘புகைப்படம் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. அதில் இருப்பதை விட்டுவிட்டு வரைந்தால், அது உண்மைக்கு மாறானது ஆகாதா?’

இந்த ஐயத்துக்கு விடை காண, பென்சிலின் வரலாற்றையும் புகைப்படத்தின் வரலாற்றையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று கைக்கருவி, மற்றொன்று எந்திரம். இவ்விரண்டுக்கும் தொடர்பு ஏது என்று தோன்றலாம். ஆனால், நூறாண்டுகளுக்கும் மேலாக இவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. உங்கள் கையில் இருக்கும் அந்த நடிகையின் படத்திலேயே பென்சில் முன்னரே நுழைந்து வேலை செய்திருக்கலாம்!

காரீயம் இல்லாத காரீயம்

முதலில் பென்சிலை எடுத்துக்கொள்வோம். 16ஆம் நூற்றாண்டின் நடுவில், இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள பாரோடேல் என்னும் மலைப்பகுதியில், கையில் ஒட்டும் கறுப்பான ஒரு கனிமம் கிடைத்தது. ஆடு மேய்ப்போர் தங்கள் ஆடுகளுக்கு அடையாளமிட அதைப் பயன்படுத்தினார்கள். அதைக் குச்சிகளாக அறுத்து, நூல் சுற்றியோ மரத்துக்குள் செருகியோ எழுதவும் தொடங்கினார்கள். சுவிட்சர்லாந்து அறிஞர் கான்ராட் கெஸ்னர் 1565இல் வெளியிட்ட நூலில் இப்படிப்பட்ட எழுதுகோல் ஒன்றின் படம் இருக்கிறது.

அக்கால மக்கள் இக்கனிமத்தை ஈயத்தின் ஒரு வகை என்று நம்பி, ‘கறுப்பு ஈயம்’ என்று பெயரிட்டார்கள். 1779இல்தான் சுவீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே, இதில் ஈயமே இல்லை, இது கார்பனின் ஒரு வடிவம் என்று காட்டினார். 1789இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் வெர்னர் இதற்கு ‘கிராபைட்’ என்று பெயர் சூட்டினார். ‘எழுது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. எனினும் பழைய பெயர் எளிதில் போய்விடவில்லை. உலகின் மிகத் தூய கிராபைட் வகைகளுள் ஒன்று இலங்கையில் போகல, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களில் கிடைக்கிறது. அதை இலங்கைத் தமிழில் ‘காரீயம்’ என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டிலோ காரீயம் என்றால் ஈயம் என்னும் உலோகம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கடலின் இரு கரையிலும் இரு பொருள்கள்!

பாரோடேல் கிராபைட் கட்டியாகவே கிடைத்ததால் அறுத்துப் பயன்படுத்த முடிந்தது. பிரான்சு நாட்டுக்கு இந்த வசதி இல்லை. பிரெஞ்சுப் புரட்சியை அடுத்து இங்கிலாந்துடன் போர் மூண்டபோது பென்சிலுக்கே பஞ்சம் வந்துவிட்டது. போர்ப் பொறுப்பு வகித்த லசார் கார்னோ, நிக்கோலா ழாக் கோந்தே என்பவரிடம் மாற்று வழி காணும்படி கேட்டார். (வெப்ப எந்திரங்களின் திறன்பற்றி நீங்கள் பாடத்தில் படிக்கும் சாதி கார்னோ, இந்த லசார் கார்னோவின் மகன்தான்.) மட்டமான கிராபைட்டைத் தூளாக்கிக் களிமண்ணுடன் பிசைந்து, குச்சிகளாக உருட்டிச் சூளையில் சுட்டார் கோந்தே. 1795இல் இதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்றுவரை பென்சில் செய்யும் முறை அடிப்படையில் இதுவே.

கோந்தேயின் முறையில் ஓவியருக்குப் பெரிய நன்மை ஒன்று கிடைத்தது. களிமண் அதிகமானால் பென்சில் கடினமாகி, கோடு வெளிறும். கிராபைட் அதிகமானால் மென்மையாகி, கோடு கறுக்கும். கடைகளில் நாம் கேட்கும் எச் வகை, பி வகை என்ற பிரிவுகள் இதைத்தான் குறிக்கின்றன. எச்.பி. இரண்டுக்கும் நடுவில் நிற்பது.

பென்சில் ஏன் எழுதுகிறது? கிராபைட்டின் படிக அமைப்பை 1924இல் ஜே. டி. பெர்னால் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு விளக்கினார். அதில் கார்பன் அணுக்கள் தேன்கூடுபோல் அறுகோணங்களாக இணைந்து தகடுகளாக அமைந்துள்ளன. ஒரே தகட்டில் அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையே தூரம் 1.42 ஆங்ஸ்ட்ராம். ஆனால் ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் இடையே 3.35 ஆங்ஸ்ட்ராம். (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.) தகடுகளுக்கு இடையே உள்ள பிணைப்பு வலுவற்றது. ஆகவே காகிதத்தில் தேய்த்தால், சீட்டுக்கட்டிலிருந்து சீட்டுகள் சரிவதுபோல் தகட்டுக் கூட்டங்கள் பிரிந்து காகித நார்களில் தங்கிவிடுகின்றன. நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு கோடும் கார்பன் தகடுகளின் குவியலே.

இந்தத் தகடுகள் வழுவழுப்பானவை; ஒளியைப் பளபளவென்று எதிரொளிப்பவை. பென்சிலை எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் கறுமை கூடுவதில்லை, பளபளப்புத்தான் கூடுகிறது. நல்ல புகைப்படத்தின் அடர்ந்த கறுப்பைப் பென்சிலால் எட்ட முடியாது. பென்சிலை எடுத்த கணமே புகைப்படத்தின் ஒளி வேறுபாடுகளில் ஒரு பகுதியை நாம் விட்டாக வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரைய வராதவர் கண்ட வழி

புகைப்படம் எப்படிப் பிறந்தது? வரைய முடியவில்லையே என்ற ஏக்கத்தில் பிறந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கும்.

1806இல் இங்கிலாந்து அறிவியலாளர் வில்லியம் ஹைடு வொல்லாஸ்டன் ‘கேமரா லூசிடா’ என்ற சிறு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அது நான்கு பக்கங்கள் கொண்ட ஒரு கண்ணாடிப் பட்டகம்; ஒரு கம்பியின் நுனியில் பொருத்தியிருக்கும். எதிரே உள்ள காட்சியிலிருந்து வரும் ஒளி, பட்டகத்தினுள் இருமுறை முழு அக எதிரொளிப்பு அடைந்து மேல்நோக்கி வந்து கண்ணை அடையும். கண்பாவையின் ஒரு பாதி பட்டகத்தின் வழியாகக் காட்சியையும், மறுபாதி பட்டகத்தின் விளிம்பைத் தாண்டிக் கீழே உள்ள தாளையும் காணும். ஆகவே காட்சி தாளின்மேல் படிந்திருப்பதுபோல் தோன்றும். அதன் விளிம்புகளின்மீது பென்சிலை ஓட்டினால் போதும்.

கேட்பதற்கு எளிது. 1833 அக்டோபரில் வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட் என்ற ஆங்கிலேயர், இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் இக்கருவியை வைத்துக்கொண்டு வரைய முயன்றார். அவர் கணிதத்திலும் ஒளியியலிலும் தேர்ந்தவர். ஆனால் கைதான் ஒத்துழைக்கவில்லை. கருவியிலிருந்து கண்ணை எடுத்துத் தாளைப் பார்த்தபோது, பென்சில் விட்டுச்சென்ற தடங்கள் பார்க்கச் சகிக்கவில்லை. இந்தக் காட்சி தாளில் தானே பதிந்துகொண்டால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அவருக்கு அப்போதுதான் உதித்தது.

ஊர் திரும்பிய டால்பட், வெள்ளி உப்புகள் பூசிய தாளில் சோதனைகளைத் தொடங்கினார். 1835 ஆகஸ்டில் தம் வீட்டுப் பலகணியின் உருவத்தை ஒரு சிறு தாளில் பிடித்தார். ஒளி பட்ட இடம் கறுத்தும், படாத இடம் வெளுத்தும் இருந்த அதுவே இன்று நம்மிடம் எஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ். 1839இல் பாரிசில் தாகேரின் முறை அறிவிக்கப்பட்டதும் டால்பட்டும் தம் முறையை வெளியிட்டார். அவர் அதற்கு இட்ட பெயர் ‘ஒளியால் பிறந்த சித்திரம்’ என்று பொருள்படும். அவருடைய நண்பர் ஜான் ஹெர்ஷல், ‘ஹைப்போ’ என்னும் உப்பு வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று 1819லேயே கண்டறிந்திருந்தார். படத்தை நிலைநிறுத்தும் வழி அதனால் கிடைத்தது. நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற பெயர்களைப் புகைப்படத் துறையில் புகுத்தியவரும் ஹெர்ஷலே.

1844 முதல் 1846 வரை டால்பட் தம் புகைப்படங்களை ஒட்டிய ஒரு நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதன் பெயர் என்ன தெரியுமா? ‘இயற்கையின் பென்சில்’!

சிவப்பைக் காணாத படத்தகடு

‘கை பிழை செய்யலாம், ஒளி பிழை செய்யாது’ என்று அக்காலத்தவர் மகிழ்ந்தார்கள். ஆனால், அந்த ஒளிப் பென்சிலுக்கும் ஒரு குறை இருந்தது. அதற்குச் சில நிறங்கள் தெரியவில்லை.

காரணம் இதுதான். வெள்ளி புரோமைடு படிகத்தில் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கச் சுமார் 2.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். நீல ஒளியின் ஃபோட்டானில் அவ்வளவு ஆற்றல் உண்டு. 6500 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியின் ஃபோட்டானிலோ 1.9 எலெக்ட்ரான் வோல்ட்தான் இருக்கிறது. சிவப்பு ஒளியை எவ்வளவு பாய்ச்சினாலும் ஒவ்வொரு ஃபோட்டானும் பற்றாக்குறையுடனேயே வந்து சேருகிறது. ஆகவே சிவந்த பொருள்கள் தகட்டுக்கு இருளாகவே தெரிந்தன. இருட்டறையில் சிவப்பு விளக்கு ஏற்றி வேலை செய்ய முடிந்ததும் இதனால்தான்.

1873இல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல், சில சாயங்களைச் சேர்த்தால் படத்தகடு பச்சை ஒளிக்கும் உணர்வு பெறும் என்று கண்டுபிடித்தார். சாயம் அந்த ஒளியை உறிஞ்சி, அதன் பயனை வெள்ளி உப்புக்குக் கைமாற்றுகிறது. நீலத்தையும் பச்சையையும் உணர்ந்து சிவப்பை உணராத இவ்வகைப் படச்சுருள்களிலேயே ஊமைப்படங்களில் பெரும்பாலானவை எடுக்கப்பட்டன. 1920களில்தான் எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருள் திரைப்பட உலகில் பரவியது.

இதன் விளைவை ஊமைப்பட நடிகர்களின் முகங்களில் காணலாம். சிவந்த உதடு கறுத்தது. தோலின் செந்நிறப் புள்ளிகள் கரும்புள்ளிகளாயின. நீலக் கண்கள் வெளிறி, பார்வையற்றவைபோல் தோன்றின. இதைச் சரிக்கட்டவே நடிகர்கள் முகம் முழுவதும் வெளிறிய பூச்சைப் பூசிக்கொண்டு நடித்தார்கள். ஆகவே பழைய படம் ஒன்றில் உதடு கறுத்திருப்பதைப் பார்த்து, நீங்களும் பென்சிலை அழுத்திக் கறுப்பாக்கினால், நடிகையின் உதட்டை நீங்கள் வரையவில்லை. வெள்ளி புரோமைடின் குறையைத்தான் வரைகிறீர்கள்.

நெகட்டிவின் மேல் ஒரு பென்சில்

இனி நம் கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

புகைப்படம் பிறந்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1855இல் பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில், மியூனிக் நகரத்து ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் ஒரே முகத்தின் இரண்டு படங்களை வைத்தார். ஒன்று எடுத்தது எடுத்தபடி. மற்றொன்று நெகட்டிவைக் கையால் திருத்திப் பிரிண்ட் போட்டது. கூட்டம் வியந்து நின்றது. ஒளி எழுதியதைக் கை திருத்தலாம் என்பதை மக்கள் கண்டுகொண்டார்கள்.

திருத்தும் கருவிகளில் முதன்மையானது நாம் கண்ட அதே கிராபைட் பென்சில்தான். நெகட்டிவில் கருமை எங்கு மிகுந்திருக்கிறதோ, அங்கு ஒளி குறைவாகப் புகும். பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். ஒரு சுருக்கம் நெகட்டிவில் வெளிறிய கீற்றாகத் தெரியும். அதன்மேல் ஊசிபோல் சீவிய பென்சிலால் மெல்லப் புள்ளியிட்டு நிரப்பினால், பிரிண்டில் சுருக்கம் மறைந்துவிடும். தாளில் கறுப்பைத் தரும் பென்சில், நெகட்டிவில் வெளுப்பைத் தருகிறது! தேவையற்ற கருமையை நீக்கக் கூரிய கத்தியால் சுரண்டுவதும் உண்டு.

இக்கலை உச்சத்தை அடைந்தது 1930களின் ஹாலிவுட்டில். ஜார்ஜ் ஹரெல் என்ற புகைப்படக் கலைஞர் 1930இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் சேர்ந்தார். 8 அங்குலத்துக்கு 10 அங்குலம் அளவுள்ள பெரிய நெகட்டிவ்களில் அவர் படமெடுத்தார். அவ்வளவு பெரிய நெகட்டிவில் பென்சிலுக்கு இடம் தாராளம். நடிகை ஜோன் கிராஃபோர்டை 1931ஆம் ஆண்டுப் படமான ‘லாஃபிங் சின்னர்ஸ்’ சார்பில் அவர் எடுத்த ஒரு படம், திருத்துமுன் ஒன்றும் திருத்தியபின் ஒன்றுமாக இரண்டும் கிடைக்கின்றன. முதற்படத்தில் முகமெங்கும் தோலின் இயற்கையான புள்ளிகள்; கண்களைச் சுற்றி மெல்லிய கோடுகள்; உயிருள்ள ஒரு பெண். இரண்டாம் படத்தில் பளிங்குபோல் வழுவழுப்பான ஒரு முகம். உலகம் பார்த்தது இந்த இரண்டாம் முகத்தைத்தான்.

நம் ஊர்களிலும் கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டுடியோக்களில் இந்த வேலை நடந்தது. ‘டச்சிங்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சாய்வான மேசையில் நெகட்டிவைப் பொருத்தி, பின்னாலிருந்து ஒளி வரச் செய்து, பூதக்கண்ணாடி வைத்துப் பென்சிலால் புள்ளியிடுவார்கள். பரு மறையும், தழும்பு மறையும், கன்னத்து நிழல் வெளுக்கும். வரன் பார்க்க அனுப்பும் படமென்றால், ‘நிறத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்’ என்ற வேண்டுகோளும் சேர்ந்து வரும். படத்தைப் பெற்றவர் பென்சிலைப் பார்ப்பதில்லை; முகத்தைப் பார்த்ததாகவே நம்புவார். பிறகு நேரில் வந்து நிற்கும் பெண்ணின் நிறத்தைப் படத்தின் நிறத்தோடு ஒப்பிடுவார். கிராபைட் துகள் ஒன்று ஒரு மனித வாழ்வில் எவ்வளவு கனம் பெறுகிறது, பாருங்கள்!

ஆகவே, ‘புகைப்படம் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது’ என்ற நம் தொடக்க எண்ணம் நிற்கவில்லை. நிறத்தை விட்டாயிற்று; அசைவை விட்டாயிற்று; சிவப்பை ஒரு காலத்தில் விட்டாயிற்று; புள்ளிகளையும் சுருக்கங்களையும் பென்சில் விட்டுவிட்டது. உங்கள் மேசையில் இருக்கும் பழைய படமே ஒரு சுருக்கச் சித்திரந்தான். விட்டதைச் சொல்லாத சுருக்கச் சித்திரம்!

கண் எப்படிப் பார்க்கிறது?

இவ்வளவு விட்டபின்னும் முகம் எப்படி அடையாளம் தெரிகிறது? இதற்கு விடை நம் கண்ணிலும் மூளையிலும் இருக்கிறது.

உங்கள் மூக்கைச் சுற்றி ஏதாவது கோடு இருக்கிறதா? இல்லை. ஒளி மிகுந்த பரப்பும் ஒளி குறைந்த பரப்பும் சந்திக்கும் இடந்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு கோட்டைக் கண்டதும் ‘மூக்கு’ என்கிறோம். 1865இல் ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக், இரு நிழல்கள் சந்திக்கும் எல்லையில் இல்லாத ஒரு கறுப்புப் பட்டையையும் வெள்ளைப் பட்டையையும் நம் கண் காண்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். அண்டையில் உள்ள பார்வை உறுப்புகள் ஒன்றின் துடிப்பை மற்றொன்று தணிப்பதால்தான் விளிம்புகள் இப்படிக் கூர்மையடைகின்றன. ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் என்ற அமெரிக்கர் குதிரைலாட நண்டின் கண்களில் இதை நேரடியாக அளந்து காட்டினார். 1967இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பூனையின் மூளையில், குறிப்பிட்ட சாய்வுள்ள கோடு அல்லது விளிம்பைக் கண்டால் மட்டும் துடிக்கும் செல்கள் உள்ளன என்று ஹூபெல், வீசல் இருவரும் 1959இல் அறிவித்தார்கள். அவர்களுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே கோடு என்பது ஓவியரின் கற்பனை மட்டுமன்று. கண்ணும் மூளையும் ஒவ்வொரு நொடியும் செய்யும் வேலையைத்தான் பென்சில் தாளில் செய்கிறது.

கோடே இல்லாமலும் முகம் தெரியும். 1957இல் கனடாவைச் சேர்ந்த கிரெய்க் மூனி, முகங்களைக் கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே திட்டுகளாக மாற்றிப் பலரிடம் காட்டினார். முதலில் மைக்கறைபோல் தெரிபவை, சற்று நேரத்தில் சட்டென்று முகமாகிவிடும். 1973இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் முகத்தை முந்நூறுக்கும் குறைவான சதுரங்களாகச் சுருக்கினார். ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரே ஒரு நிழல். அருகில் பார்த்தால் வெறும் கட்டங்கள். எட்ட நின்றோ கண்ணை இடுக்கியோ பார்த்தால் லிங்கன்! கட்டங்களின் கூர்மையான விளிம்புகளே அருகில் முகத்தை மறைக்கின்றன. தொலைவில் அவ்விளிம்புகள் மங்கியதும், பெரிய நிழல்களில் அடங்கியிருந்த முகம் வெளிப்படுகிறது.

இந்த உண்மையைச் சென்னை நகரின் சினிமா பேனர் ஓவியர்கள் ஆய்வகம் இல்லாமலேயே அறிந்திருந்தார்கள். ஒரு நடிகரின் சிறிய புகைப்படத்தின்மேல் கட்டங்கள் கிழித்து, அதே எண்ணிக்கையில் பெரிய துணியிலும் கட்டங்கள் இட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிதாக்குவார்கள். கட்டமிட்டு வரையும் இம்முறை பழமையானது. ஐரோப்பிய ஓவியர் ட்யூரரின் காலத்திலேயே வழக்கில் இருந்தது. பேனர் முகத்தை அருகில் சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கன்னத்தில் ஓர் இளஞ்சிவப்புத் திட்டு, நெற்றியில் ஒரு நீலத் திட்டு, தாடைக்கடியில் ஒரு பச்சைத் திட்டு. சாலையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அதே நடிகர் சிரித்துக்கொண்டிருப்பார். 2000ஆம் ஆண்டுக்குப் பின் அச்சிட்ட பிளக்ஸ் தட்டிகள் வந்து இக்கலையை ஓரங்கட்டிவிட்டன.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் இதையே வேறொரு நோக்கத்தில் செய்தார். 1962 ஆகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ மறைந்தார். 1953ஆம் ஆண்டு வெளிவந்த ‘நயாகரா’ படத்துக்காக எடுத்த அவருடைய விளம்பரப் படம் ஒன்றை வார்ஹோல் எடுத்துக்கொண்டு, முகத்தைச் சில தட்டையான வண்ணத் திட்டுகளாக்கித் திரும்பத் திரும்பத் துணியில் பதித்தார். இமை, உதடு, கூந்தல் ஆகிய மூன்றுமே போதுமாயிருந்தன. ஒப்பனையும் விளக்கும் டச்சிங்கும் சேர்ந்து ஒரு பெண்ணை ஏற்கெனவே எவ்வளவு சுருக்கிவிட்டன என்பதை அந்தத் திட்டுகள் வெளிப்படையாகச் சொல்லின.

நீங்கள் வரையும்போது

இனி பென்சிலைக் கையில் எடுங்கள். மேலே கண்ட வரலாற்றிலிருந்தே வழிமுறைகள் கிடைக்கின்றன.

முதலில் ஒளி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கருவிழியில் தெரியும் சிறு வெள்ளைப் புள்ளி விளக்கின் பிம்பம். மூக்கின் நிழல் எப்பக்கம் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விளக்கின் இடம் தெரிந்துவிடும். நிழல்கள் எல்லாம் அந்த ஒரு விளக்குக்குக் கட்டுப்பட்டவை.

அடுத்து, படத்தின்மேல் மெல்லிய கண்ணாடித்தாளை வைத்துக் கட்டங்கள் போடுங்கள். தாளிலும் எச் வகைப் பென்சிலால் மெலிதாகக் கட்டமிடுங்கள். தலையின் உச்சியிலிருந்து மோவாய் வரை அளந்தால், கண்கள் ஏறத்தாழப் பாதியில் இருக்கும். புதிதாக வரைபவர்கள் நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடுவதே வழக்கம். அதனால் அளந்து பார்ப்பது நல்லது.

பிறகு கண்களைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பாருங்கள். நுண்ணிய விவரங்கள் மறைந்து, பெரிய நிழல்கள் மட்டும் நிற்கும். ஹார்மனின் லிங்கன் தோன்றியதும் இவ்வாறே. அந்த நிழல்களை மூன்றாகப் பிரியுங்கள்: வெள்ளைத் தாள், எச்.பி. பென்சிலின் சாம்பல், 4பி பென்சிலின் கறுப்பு. இடைப்பட்டவற்றை இந்த மூன்றில் ஒன்றில் சேர்த்துவிடுங்கள். பென்சிலால் எட்ட முடியாத கறுப்பை எட்ட முயல வேண்டாம். சுற்றியுள்ள பகுதியை வெள்ளையாக விட்டாலே சாம்பல் கறுப்பாகத் தோன்றும்.

கடைசியாகக் கோடு. எல்லா விளிம்புகளுக்கும் கோடு வேண்டாம். நிழலில் கரையும் தாடையை அப்படியே கரையவிடுங்கள். பார்ப்பவரின் கண் அதை நிரப்பிக்கொள்ளும். எந்த விளிம்பை நீக்கினால் ஆள் மாறிவிடுகிறாரோ, அந்த விளிம்புக்கு மட்டும் கோடு கொடுங்கள். ஒருவருக்கு அது புருவ வளைவாக இருக்கும், இன்னொருவருக்கு மேலுதட்டின் நடுப்பள்ளமாக இருக்கும். ஒவ்வொரு கோட்டையும் விரலால் மறைத்து, ஆள் அடையாளம் தெரிகிறாரா என்று சோதித்துப் பாருங்கள். தெரிந்தால் அந்தக் கோடு தேவையில்லை.

விடுவதில் இரு வகை

தொடக்கத்தில் எழுந்த ஐயத்துக்கு இப்போது விடை சொல்லலாம். புகைப்படத்தில் உள்ளதை விட்டுவிட்டு வரைவது உண்மைக்கு மாறானதா?

இயற்பியல் வகுப்பில், ‘உராய்வைப் புறக்கணித்துவிடுவோம்’, ‘கோளை ஒரு புள்ளியாகக் கொள்வோம்’ என்று சொல்லியே கணக்கைத் தொடங்குகிறோம். உராய்வு இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். கோள் புள்ளியன்று என்பதும் தெரியும். எதை விட்டோம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவதால், அது பொய்யாவதில்லை. தேவைப்படும்போது விட்டதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் முடிகிறது. இப்படி விட்டதனால்தான் கோள்களின் பாதை நமக்கு விளங்கியது.

விடுவது இரண்டு வகை. ஒன்று, விட்டதைச் சொல்லி விடுவது. மற்றொன்று, விட்டதை மறைத்து விடுவது. பதினைந்து கோட்டில் வரைந்த முகத்தைப் பார்த்து எவரும் ஏமாறுவதில்லை. ‘மற்றதை எல்லாம் விட்டுவிட்டேன்’ என்று அந்தத் தாளே சொல்கிறது. நெகட்டிவின் மேல் ஊர்ந்த பென்சில் அப்படிச் சொல்லவில்லை. ஒரு முகத்தின் புள்ளிகளையும் வடுக்களையும் நிறத்தையும் நீக்கிவிட்டு, ‘ஒளியே எழுதியது’ என்று நம்பவைத்தது. இரண்டு இடத்திலும் பென்சில் ஒன்றே, கார்பன் தகடுகளும் அவையே. வேறுபாடு அதைப் பிடித்த கையின் நேர்மையில் இருக்கிறது.

இன்று நெகட்டிவ் மறைந்துவிட்டது. கைபேசியில் படம் எடுத்த கணத்திலேயே கணிப்பொறி நிரல் தோலை வழுவழுப்பாக்கி, நிறத்தை வெளுத்துத் தந்துவிடுகிறது. டச்சிங் மேசை கைபேசிக்குள் புகுந்துவிட்டது என்றே சொல்லலாம். ஆகவே இப்பயிற்சி ஓவியம் பழக விரும்புவோருக்கு மட்டும் உரியதன்று. ஒரு முகத்தை இருபது கோட்டில் வரைந்து பார்த்தவர், எந்தப் படத்தைக் கண்டாலும், ‘இதில் எது விடப்பட்டிருக்கிறது? யார் விட்டார்கள்? ஏன் விட்டார்கள்?’ என்று கேட்கத் தொடங்கிவிடுவார். அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றவரை எந்தப் படமும் எளிதில் ஏமாற்ற முடியாது.